சத்தம் போடாத வண்டிகளுக்கு மட்டும்

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்று குறை கேட்க வந்தார்கள். தெருவின் கிழக்குக் கோடியில், பழைய பஞ்சு ஆலை இருந்த இடத்தில், ஆறு மாடி எழுப்பி வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டி முடிக்கும்போது குறை கேட்பது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. வந்தவள் ஷெரின் என்ற பெண், மக்கள் தொடர்பு அதிகாரி, ஊர் நாகர்கோவில். எதைச் சொன்னாலும் சிரித்த முகமாக எழுதிக்கொள்கிறாள். அப்படிப்பட்டவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஒத்தப்புளிப் பிள்ளையார் தெரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நாற்பத்தொரு கோரிக்கைகள் தயாரித்து வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவன். எதையும் அளந்து எண் போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தூசி, ஜெனரேட்டர், வண்டி நிறுத்தம், சாக்கடை எல்லாம் உண்டு. சங்கத் தலைவர் தளவாய் நான் வாசிக்க வாசிக்கத் தலையாட்டினார். அவர் தலைவரானதே அதற்குத்தான்.

ஏழாவது கோரிக்கைதான் உயிர்நாடி. தெருவில் கடைசி வீடு என்னுடையது. அதற்கு அடுத்தது ஆஸ்பத்திரிச் சுவர். விடிய விடிய ஆம்புலன்ஸ் அலறினால் மனிதன் குடியிருக்க முடியுமா? ஆகவே: “எங்கள் தெருவில் உள்ள வாசலைச் சத்தம் போடாத வண்டிகள் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.” என் வாசகம். மூன்று முறை திருத்தி எழுதியது.

பன்னிரண்டாவது: ரோடு போடுகிற சாக்கில் எந்த வீட்டுப் படிக்கட்டையும் தொடக் கூடாது.

“படிக்கட்டுல ஏதாவது பிரச்சனை இருக்கா சார்?” என்றாள் ஷெரின்.

“பிரச்சனை ஒண்ணும் இல்லம்மா. அதனாலதான் தொடப்படாதுங்கேன்.”

பகவதி எல்லாருக்கும் முறுக்கும் காப்பியும் கொடுத்தாள். முறுக்கு நன்றாக இருந்தது. உப்பு ஒரு கை கூடுதல்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாற்பத்தொன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு மாதம் போராடலாம் என்று பேனர் அடிக்க ஆள் பார்த்து வைத்திருந்தேன். காலையில் நீலச் சேலை கட்டிய இரண்டு பெண்கள் வந்து எங்கள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துவிட்டுப் போனார்கள். பதினெட்டாவது கோரிக்கை.

ஷெரின் போனில் ஒரு விவரம் கேட்டாள். தெரு அதிகாரப்பூர்வமாக எந்த இடத்தில் முடிகிறது? அந்தப் பழைய ஆவணமெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்று சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

தண்ணீர் மோட்டார் பழுது. வேறு விசேஷமில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. புதுக் கட்டடம் திறந்தாயிற்று. எங்கள் தெருப் பக்க வாசலில் நீல நிறத்தில் பலகை: “சத்தம் போடாத வண்டிகளுக்கு மட்டும்.” என் வாசகம்தான், கொஞ்சம் சுருக்கி. அவசரப் பிரிவு வாசலை எங்களுக்காகவே மெயின் ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க ஒரு ஹாரன் இல்லை. வெள்ளை வேன்கள் இரண்டு வந்தன. பூனை மாதிரி வந்தன, பூனை மாதிரி போயின. தளவாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஏப்ரல் 16, புதன்

காலை ஏழு மணிக்குப் பகவதி கோவிலுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள். நடை திறக்கவில்லையாம்.

நான் போய்ப் பார்த்தேன். பூசாரி நமச்சிவாயம் பூட்டிய கம்பிக் கதவுக்கு வெளியே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

“என்னவே, மேலுக்கு முடியலையா?”

“எனக்கென்ன அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன். தெருவுல சவம் கெடக்கும்போது நடை தெறக்கப்படாதுல்லா.”

“சவமா? யாரு தவறுனது?”

“பேரு தெரியல. களக்காட்டுக்காரராம். அங்கன கெடக்காரு,” என்று கிழக்கே கையைக் காட்டினார்.

அவர் காட்டிய இடம் நீலப் பலகை. விசாரித்தேன். அது பிணவறை வாசல்.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வருகிறவர்களின் வண்டிதான் சத்தம் போடும். மற்ற வண்டிக்கு என்ன அவசரம்?

பிள்ளையார் முகம் பார்க்காமல் பகவதி ஒரு வாய் சாப்பிடமாட்டாள். இந்த வீடு கட்டிய வருஷத்திலிருந்து, இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான். எதற்காக நேர்ந்துகொண்டாள் என்று சொல்லமாட்டாள், சொன்னால் பலிக்காதாம். நானும் துருவிக் கேட்டதில்லை. இதுவரை அதில் கஷ்டம் இருந்ததில்லை, கோவில் நூறு அடியில் இருக்கிறது. ஆனால் அவளுக்குச் சர்க்கரை. ஆறரைக்கு மாத்திரை, அரை மணியில் சாப்பாடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

களக்காட்டுக்காரர் ஒரு மணிக்குப் புறப்பட்டார். ஒன்று பத்துக்குப் பகவதி சாப்பிட்டாள். எனக்கும் காலையிலிருந்து பசி இல்லை, அதனால் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆஸ்பத்திரியில் பேச்சுவார்த்தை. அதற்குப் “பாதிப்புக் குறைப்புக் குழு” என்று பெயர் வைத்து, மேஜையில் பூச்செண்டும் முந்திரி பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். நான் காரமாகத்தான் ஆரம்பித்தேன். ஷெரின் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோப்பைத் திறந்து ஏழாவது கோரிக்கையைச் சத்தமாக வாசித்தாள்.

“இது யாரு எழுதுனது?” என்றார் தளவாய், அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவர் போல.

யார் எழுதியது என்பது இப்போது முக்கியமில்லை என்று நான் சொன்னேன்.

வாசலை மாற்ற ஒரு வருஷம் ஆகுமாம். குளிர்பெட்டி, அனுமதி, வரைபடம் என்று அடுக்கினாள். பிஸ்கட்டை நான் தொடவில்லை. வீட்டில் பகவதி அப்போதும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சங்கக் கூட்டம். சவம் கிடக்கும் தெருவில் அடுப்பு மூட்டலாமா என்று மேல வீட்டுக்காரர் ஒரு பிரச்சினையைக் கிளப்பிவிட்டார். இரண்டரை மணி நேரம் விவாதம். விறகடுப்புக் கூடாது என்பதில் எல்லாரும் ஒருமனம். தெருவில் யாரிடமும் விறகடுப்பு இல்லை. கேஸ் அடுப்பு சந்தேகம். இண்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பே இல்லாததால் தாராளமாகச் சமைக்கலாம் என்று தீர்மானம். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம்.

“குளிர்பெட்டியில வச்சிருக்கது தெருவுல கெடக்கதா ஆகுமா?” என்று தளவாய் கேட்டார்.

“வீட்டுல ஐஸ்பெட்டியில வச்சா நீங்க நடை தெறக்கச் சொல்லுவீகளா?” என்றார் பூசாரி. அதையும் தீர்மானத்தில் எழுதிக்கொண்டேன்.

பகவதி சாப்பிட்டது: பிற்பகல் 3.40.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் பிணவறையில் ஆளே இல்லை என்று வாசல் காவலர் ஐசக் சொன்னார். கோவிலுக்கு ஓடினேன். பூசாரி சாவியை எடுத்துவிட்டார். அதற்குள் ஐசக் பின்னாலேயே வந்து, “ஒரு காலு மட்டும் இருக்கு சார்,” என்றார். சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே எடுத்ததாம். கால்காரர் மூன்றாம் மாடியில் நலமாக இருக்கிறார், காப்பி கேட்கிறார்.

பூசாரி வெகுநேரம் யோசித்தார். முழு ஆளுக்கு முழு நாள் என்றால் ஒரு காலுக்கு எவ்வளவு என்று அவருடைய அப்பா சொல்லித் தரவில்லை. கடைசியில் பத்து மணிக்குத் திறந்தார்.

சர்க்கரை நோயில் எடுத்த கால் என்பதைப் பகவதியிடம் நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பாதிப்பைக் குறைக்க ஆஸ்பத்திரி புது ஏற்பாடு செய்திருக்கிறது. பிணவறை வாசலுக்கு மேல் இரண்டு விளக்குகள். உள்ளே யாராவது இருந்தால் சிவப்பு, காலியாக இருந்தால் பச்சை. பொத்தான் ஐசக் கையில். தெருவின் மேற்குக் கோடி வரை தெரிகிறது. தளவாய் ரிப்பன் வெட்டினார். வெட்டும்போது விளக்கு சிவப்பு.

ஏப்ரல் 30, புதன்

இன்று 11.20-லிருந்து 11.47 வரை பச்சை.

இந்த இருபத்தேழு நிமிடத்தில் தெருவில் நடந்தவை: கோவிலில் தீபாராதனை. ஒன்பது வாசல்களில் கோலம். மேல வீட்டில் பால் காய்ச்சினார்கள். எதிர்வரிசையில் ஒரு காதுகுத்து. ஒரு காதோடு சிவப்பு விழுந்துவிட்டது, குழந்தை அந்த ஒரு காதோடு உட்கார்ந்திருக்கிறது. தளவாயின் பேத்திக்கு நிச்சயத் தாம்பூலம் மாற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மூன்று நாளாக லாட்ஜில் தங்கி, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு கால் செருப்போடு ஓடி வந்தார்.

பகவதி 11.31-க்குச் சாப்பிட்டாள். நான்கு நாளில் அதுதான் சீக்கிரம். முகம் வெளிறிக் கிடக்கிறது. கேட்டால், “வெயிலு,” என்கிறாள்.

பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டார், ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சினேன். சத்தமும் போட்டேன். அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மே 4, ஞாயிறு

கூட்டத்தில் பூசாரி சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: “அடுத்த தெருவுல எத்தன சவம் கெடந்தாலும் நமக்கு ஒண்ணும் இல்ல. நம்ம தெருவுல கெடக்கப்படாது, அவ்வளவுதான்.”

தளவாய் துள்ளி எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது, அதுவும் இன்றைக்குப் பார்த்து.

“ஏ அண்ணாச்சி! நீங்க சர்வேயர்லா? தெரு முடியுத இடத்துல ஒரு கல்லு இருக்கும்லா? அதுக்கு அந்தப் பக்கம் ஆலைப் பாதைதான. வாசலு கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தா சோலி முடிஞ்சுட்டுல்லா!”

“அது அந்தக் காலத்துக் கல்லு. ஆலைக்காரன் பிடுங்கி எறிஞ்சிருப்பான்,” என்றேன்.

“தோண்டிப் பாத்துருவோம்.”

ஷெரினும் ஆட்கள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். எங்கே தோண்ட வேண்டும் என்று நான் காட்ட வேண்டுமாம்.

மே 7, புதன்

மூன்று இடங்களில் தோண்டினோம். ஒரு இடத்தில் பழைய குழாய், ஒரு இடத்தில் யாருடையதோ பல்செட். கல் இல்லை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதாவது, தோன்றியது.

மாலையில் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஆட்களுக்கு மோர் கொடுத்தேன். நல்ல படி. ஸ்கூட்டர் ஏற்றச் சரிவு வைத்து நானே கட்டியது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு விரிசல் இல்லை. பகவதி தினமும் அதைக் கழுவித்தான் கோலம் போடுவாள்.

பகவதி: மாலை 4.15. எனக்கும் பசி இல்லை.

மே 9, வெள்ளி

இதையும் எழுதிவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு விளக்கு பச்சை. பகவதி சந்தோஷமாக மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். ஏழு மணி நடைக்குக் கிளம்பினாள். ஆறு ஐம்பதுக்கு வெள்ளை வேன் ஒன்று பூனை மாதிரி வந்தது. சிவப்பு. சாப்பிடச் சொன்னேன். மாட்டேன் என்றாள். எட்டரைக்கு வாசல் குழாயடியில் விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிச் சுவர் என் வீட்டிலிருந்து பதின்மூன்று எட்டு வைக்கிற தூரம். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீலப் பலகை வாசலுக்கு ஓடினேன். ஐசக் குறுக்கே நின்றார்.

“சார், சார், இந்த வாசல்ல உயிரோட உள்ள போறதுக்கு அனுமதி இல்ல சார். அவசரப் பிரிவு மெயின் ரோட்டுல இருக்கு. நீங்க கேட்டதுதான் சார்.”

அவர் கண்ணில் தண்ணீர். அவர் மேல் குற்றம் இல்லை. ஆட்டோ பிடித்து, மெயின் ரோட்டைச் சுற்றி, ஒன்றரைக் கிலோமீட்டர் போனோம். வழி முழுக்க ஏழாவது கோரிக்கையின் வாசகம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று முறை திருத்தினேனே, அதில் ஒரு முறைகூட இது தோன்றவில்லை. பகவதியின் கை சில்லிட்டுப்போயிருந்தது. நான் பயந்துவிட்டேன். இப்படிப் பயந்ததில்லை.

சர்க்கரை நாற்பத்தெட்டு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் விழித்ததும் அவள் கேட்டது: “இது சாப்பாட்டுல சேருமா?” பூசாரிக்குப் போன் போட்டேன். வாய் வழியாகப் போகாததால் சேராது என்றார். அதன் பிறகுதான் ஊசியைப் பிடுங்காமல் படுத்தாள்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் பொறுப்பில்லை என்றார். சின்னப் பையன், என் மருமகன் வயது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

மே 11, ஞாயிறு

பகவதி வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று மாலை ஐந்து மணி வரை சிவப்பு. அவள் சாப்பிட்டது 5.05.

படியில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மே 12, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கடப்பாரையை எடுத்து என் வீட்டுப் படியை உடைக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. பன்னிரண்டாவது கோரிக்கையை நீங்களே மீறலாமா என்று யாரோ கேட்டார்கள். நான் இடித்துக்கொண்டே இருந்தேன்.

ஏழரை மணிக்குக் கல் தெரிந்தது. கருங்கல், தலையில் கூட்டல் குறி, எங்கள் துறையின் முத்திரை. சிமெண்டுக்கு அடியில் புத்தம் புதிதாக இருந்தது.

ஒளித்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டேன். “கல்லு இங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஸ்கூட்டர் ஏத்த இடைஞ்சலா இருந்துது. ரெண்டரை அடி தெருவுல ஏறி, கல்லை மூடிப் படி கட்டுனது நான்தான். சர்வேயரே கல்லை மறைச்சிட்டேன். தப்புதான்.”

 தளவாய் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“பாத்தீகளா? யாரோ எந்தக் காலத்துலயோ செஞ்ச தப்பை, தெரு நல்லா இருக்கணும்னு அண்ணாச்சி தன் தலையில போட்டுக்கிடுதாவ! சொந்தப் படியவே இடிச்சுட்டாவ!”

“வே, நெசமாத்தான் சொல்லுதேன். நான்தான்…”

“அடக்கம்! அடக்கம்!” என்று எல்லாரும் கை தட்டினார்கள். ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கைதட்டல் பெரிதாகிக்கொண்டே போனது. தாசில்தாருக்கு எழுத்திலும் கொடுத்துவிட்டேன். அவரும் தியாகத்தைப் பாராட்டி ஒரு பதில் அனுப்புவார் என்று பயமாக இருக்கிறது.

பிறகு கயிறு பிடித்து அளந்தேன். பிணவறை வாசல் கல்லுக்குக் கிழக்கே முப்பத்தோரு அடி. ஆலைப் பாதையில் வருகிறது. எங்கள் தெருவில் சவம் இல்லை. பூசாரி இடுப்புச் சாவியோடு மேற்கே ஓடினார்.

போகிற போக்கில் அவரே கேட்டார், “அப்பம் உங்க வீடு எந்தத் தெரு அண்ணாச்சி?”

கயிற்றை வீட்டுக்குள் கொண்டுபோனேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவம், ஓர் அங்குலம் தப்பாது. எல்லை, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவர் வழியாகப் போகிறது. அடுப்படி ஒத்தப்புளிப் பிள்ளையார் தெரு. ஹால், என் நாற்காலி, இந்த நாட்குறிப்பு, எல்லாம் பிணவறை இருக்கும் பாதை.

மே 13, செவ்வாய்

நேற்று முழுக்கப் பகவதி என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். இன்று காலை ஆறரைக்கு அடுப்படியில் இட்லிக் கொப்பரையின் மூடி விழும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மாத்திரையைப் போட்டுவிட்டு, தட்டில் இட்லியை வைத்து, சட்னி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஏட்டி, நடை இன்னும் தெறக்கல! ஏழு மணிக்குத்தான். இப்பம்தான் ஒரு தடையும் இல்லையே, அரை மணி பொறுக்கக்கூடாதா? உன் நேர்ச்சை என்ன ஆச்சு?”

“முடிஞ்சுட்டு,” என்றாள்.

“எப்பம்?”

“நேத்து ஏழரைக்கு.”

எனக்கு விளங்கவில்லை. அவள் இன்னொரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“வீடு கட்டுத சமயம் மறுபடி அளக்கதுக்கு மேலதிகாரி வாராவன்னு சொன்னாவல்லா? நீங்க ரெண்டு நாளா சோறே திங்கல. கேட்டா வயிறு சரியில்லன்னீங்க. படிக்கு சிமெண்டு போட்ட அன்னைக்குக் கொத்தனாரை அனுப்பிட்டு நீங்களே கரண்டியப் புடிச்சீங்க. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மாட்டுனா வேலை போயிரும், மானம் போயிரும். எனக்கு என்ன செய்யத் தெரியும்? இந்தக் கல்லு வெளிய தெரியாம நீ பாத்துக்கிட்டா, உன் முகத்தப் பாக்காம ஒரு வாய் திங்கமாட்டேன்னு புள்ளையாருகிட்ட நேந்துக்கிட்டேன்.”

“இருபத்தெட்டு வருஷமா… இந்தக் கல்லுக்கா?”

“பின்ன? இப்பம் வெளிய வந்துட்டுல்லா. அவரும் காப்பாத்த வேண்டாம், நானும் காத்துக்கெடக்க வேண்டாம்.”

நடுச்சுவரில் சாய்ந்து நின்றேன். விளக்கு, காது, கால், தெருவுக்கே கூத்து. குழாயடியில் இவள் விழுந்தது. எல்லாம் என் ஸ்கூட்டருக்காக. அந்த ஸ்கூட்டரைப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று. அழுகை வந்தது. அழுதேன். எழுதினால் என்ன.

“வயிறு சரியில்லையா?” என்றாள் பகவதி.

மே 18, ஞாயிறு

சங்கம் சார்பில் எனக்குப் பாராட்டு விழா. ஆஸ்பத்திரி வாசலில் பந்தல். தொலைந்த கல்லைக் கண்டுபிடித்ததற்காகப் பொன்னாடை போர்த்தினார்கள். ஷெரின் கேடயம் கொடுத்தாள். அதில் ஒரு கல்லின் படம். ஏற்புரையில் மறுபடி உண்மையைச் சொன்னேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். முதல் வரிசையில் பகவதி மட்டும் கை தட்டவில்லை; முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது கோரிக்கையை ரத்து செய்யக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் எங்கள் தெரு வழியாகவே வரட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் அலறட்டும்.

மே 19, திங்கள்

காலை 6.50. விளக்கு சிவப்பா பச்சையா, பார்க்கவில்லை. கோவில் நடை இன்னும் திறக்கவில்லை. படி இல்லாததால் பால்காரர் பாக்கெட்டை ஜன்னல் வழியாகத் தந்தார்.

பகவதி அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள். இரண்டு தட்டு வைத்திருக்கிறாளாம். இத்தனை நாளும் உங்களுக்கு ஏன் பசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், பேனாவை வைத்துவிட்டு இந்தத் தெருவுக்கு வாருங்கள் என்கிறாள்.

போகிறேன். நல்ல பசி.